பனியில்லா ஊரின் சறுக்குமலை: மணற்காட்டு மணல்மேடுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. கீரிமலை என்று பெயரில் ஒன்று இருக்கிறது. போனவர்களுக்குத் தெரியும், அது கேணியும் கோயிலும் கடலும்தான். சுண்ணக்கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கிற நிலம் எங்களுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வரை சைக்கிள் மிதித்தாலும் ஏற்றம் என்று மூச்சு வாங்க ஓரிடம் இல்லை. வல்லை வெளியில் மூச்சு வாங்கினால் அது எதிர்க்காற்றால்.

இந்தத் தட்டை நிலத்தில் ஏறி நின்று சறுக்கி இறங்க ஓரிடம் வேண்டுமென்றால் வடமராட்சியின் கிழக்குக் கரைக்குத்தான் போகவேண்டும். வல்லிபுரத்துக்குத் தெற்கே குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று நீளும் மணற்கரையில், கடலை ஒட்டி இருக்கிறது மணற்காடு. காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடுகள், அவற்றின் அடியில் சவுக்கங்காடு, மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள், பிறகு கடல். விடுமுறை நாட்களில் குடாநாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும், கிளிநொச்சியிலிருந்தும் சனம் வருகிறது. ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் குடும்பங்களும் சேர்ந்துகொள்கின்றன. அவர்களின் பிள்ளைகளுக்கு இந்த இடத்தைப் பார்த்ததும் வாயில் வருகிற சொல் 'ஸ்கீ ஹில்'.

அந்தச் சொல் எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் பொருத்தம் உண்டு. கட்டணமில்லாமல், யாரும் வந்து ஏறி இறங்கலாம் என்றிருக்கிற ஒரேயொரு சரிவு குடாநாட்டில் இதுதான். ஆனால் ஒரு சறுக்குமலையை மலையாக வைத்திருக்கச் செய்யப்படும் வேலைகளில் ஒன்றுகூட இங்கே நடப்பதாக என் கண்ணில் படவில்லை. போக நினைக்கிறவர்களுக்காகவும், அடிக்கடி போகிறவர்களுக்காகவும், பலமுறை போய்வந்ததில் கண்டதையும் கேட்டதையும் எழுதுகிறேன்.

போகும் வழியும் நேரமும்

பருத்தித்துறையிலிருந்து வல்லிபுரக் கோயில் பக்கமாக மருதங்கேணி நோக்கிப் போகும் வீதியில் குடத்தனை வரும். அங்கிருந்து கடற்பக்கம் திரும்பவேண்டும். மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் சிரமமில்லாமல் போகும். மணல் தொடங்கும் இடத்திலேயே வாகனத்தை விட்டுவிடுவது நல்லது. 'கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்' என்று போன வான்களின் பின்சக்கரத்தை ஊர்ப் பொடியள் தோண்டி எடுத்ததை நானே இருமுறை பார்த்தேன். காசு கேட்கமாட்டார்கள். கொடுக்காமல் போவது அழகில்லை.

காலை ஒன்பது மணிக்கு முன், அல்லது பின்னேரம் நான்கு மணிக்குப் பின். இடைப்பட்ட நேரத்தில் மணலில் வெறுங்காலை வைக்கமுடியாது. செருப்போடு ஏறினால் செருப்புக்குள் மணல் புகுந்து அதே சூட்டைக் காலோடு சேர்த்துக் கட்டிவிடும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறவர்கள் இதை முதலில் யோசிக்கவேண்டும். நிழலென்றால் சவுக்கங்காடு மட்டும்தான். அங்கே அடுப்பு மூட்டிச் சமைக்கவேண்டாம். காய்ந்து விழுந்த சவுக்கஞ்சருகு ஒரு நெருப்புத்தடிக்குக் காத்திருக்கிற மாதிரிக் கிடக்கும்.

மாரியில், ஐப்பசியிலிருந்து தை வரை, போவதில் சறுக்குவோருக்குப் பயனில்லை. நனைந்த மணல் இறுகிக்கிடக்கும். கடலும் அப்போது கொந்தளிப்பாக இருக்கும், குளிக்க இறங்கக்கூடாது. மாசி பிறந்து மணல் உலர்ந்த பிறகுதான் சரிவு சரிவாகும்.

மணலில் வழுக்குவது எப்படி

பனியில் வழுக்கிப் பழகியவர்கள் இங்கே முதல் ஐந்து நிமிடம் ஏமாந்து போவார்கள். ஸ்கீயின் அடியில் உராய்வின் சூட்டில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டாகிறது. அதனால் கொஞ்சச் சரிவு இருந்தாலே பனியில் ஆள் நகரத் தொடங்கிவிடுவார். மணலில் அந்த நீர் இல்லை. ஒவ்வொரு மணியும் பலகையைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். உலர்ந்த மணல் தானாகக் குவிந்து நிற்கக்கூடிய உச்சச் சரிவு சுமார் 34 பாகை. ஏறக்குறைய அந்தளவு செங்குத்தான பக்கத்தில்தான் மணலில் வழுக்கமுடியும். காற்று வந்து மோதும் பக்கம் சாய்வு குறைவாக, இறுக்கமாக இருக்கும். மணல் உச்சிக்கு வந்து மறுபுறம் கொட்டுகிற பக்கம் செங்குத்தாக, பொலபொலவென்று இருக்கும். வழுக்கும் பக்கம் அதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் வாகனத்தை விட்ட இடத்துக்குக் கிட்ட இருக்கும் பக்கத்தில் முயற்சிசெய்து, நகராமல், மணலை உதைத்துவிட்டுப் போகிறார்கள்.

எதில் இருந்து வழுக்குவது? உரப்பை, காட்போட் பெட்டி, ரெஜிபோம் துண்டு, பழைய பிளாஸ்ரிக் பேசின், எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு பல்கலைக்கழக மாணவர் குழு கமுகமடல் கொண்டுவந்திருந்தது. சின்ன வயதில் ஒருவரை இருத்தி மற்றவர் முற்றத்தில் இழுத்துத் திரிந்த அதே கமுகமடல். எனக்குத் தெரிந்து அதுதான் மிக நன்றாகப் போனது. உட்பக்கம் வழவழப்பு, இருக்க இடம், கிழிந்தால் குப்பையுமில்லை. நமீபியாவின் சுவாகொப்முண்ட் மணல்மேடுகளில் மெழுகு தேய்த்த ஹார்ட்போர்ட் பலகையில் குப்புறப் படுத்து இறங்குகிறார்கள். பெருவின் ஹுவாக்காச்சினாவில் காலில் கட்டிய பலகையில் நின்றுகொண்டே இறங்குகிறார்கள். இங்கே கமுகமடல் போதும்.

ரெஜிபோம் மட்டும் வேண்டாம். இரண்டாம் முறை இறங்கும்போதே உதிர்ந்து வெள்ளை மணிகளாய்ப் பறக்கும். மணலில் கலந்தால் யாராலும் பொறுக்கமுடியாது.

ஏறுவதுதான் பாடு. இரண்டு அடி வைத்தால் ஓரடி கீழே வரும். லிஃப்ட் கிடையாது. ஆறேழு தரம் ஏறி இறங்கினால் பெரியவர்களுக்குப் போதும் என்றாகிவிடும். பிள்ளைகளுக்கு ஆகாது.

ரொறன்ரோவிலிருந்து வந்த கணக்கு

கடந்த ஆவணியில் அங்கே ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். தாய்க்குச் சொந்த ஊர் கரவெட்டி. பதினான்கு வயது மகன் ரொறன்ரோவில் பிறந்தவன். நோர்த் யோர்க்கில் ஏர்ல் பேல்ஸ் பூங்காவில் இருக்கும் பனிச்சறுக்கு மலையில் ஸ்னோபோர்ட் பழகியவன். அந்த மலையை ரொறன்ரோ மாநகரசபைதான் நடத்துகிறது; எட்டோபிக்கோவில் சென்ரனியல் பூங்காவில் இருந்த இன்னொன்றையும் அதுவே நடத்திவந்தது. பெரிய மலைகளுக்குப் பல மணித்தியாலம் கார் ஓடிப்போக வசதியில்லாத குடும்பங்கள் பஸ் பிடித்துப் போய் வரக்கூடிய மலைகள். பலகையும் சப்பாத்தும் வாடகைக்கு எடுக்கலாம், பழக்குவிக்க ஆட்கள் இருக்கிறார்கள். போதிய பனி விழாத நாட்களுக்கு இயந்திரத்தால் பனி செய்து கொட்டுகிறார்கள்.

'அங்க முதல் நாள் போனால் எங்க விழவேணும் எண்டும் சொல்லித் தருவினம்' என்றார் தாய். 'புதுசாப் பழகிற ஆக்களுக்கு ஒரு பக்கம், தெரிஞ்ச ஆக்களுக்கு ஒரு பக்கம். கயிறு கட்டியிருக்கும். அதைத் தாண்டினால் கூப்பிட்டு ஏசுவினம்.'

மகனுக்குத் தமிழ் விளங்கும், பேச்சுத் திக்கும். இரண்டையும் ஒப்பிடச் சொன்னேன். யோசித்துவிட்டு, 'இது நல்லா இருக்கு, குளிர் இல்லை. ஆனா இங்க ஆர் பாக்கிறது?' என்று கேட்டான். 'இந்த இடத்துக்குப் பொறுப்பு யார்' என்பதுதான் அவன் கேட்டது. நான் பதில் சொல்லவில்லை.

சென்ரனியல் பூங்காவின் குன்றுக்கு ஒரு கதை உண்டு. அது இயற்கையான மலையல்ல, முன்னர் குப்பை கொட்டிய இடம். குப்பைமேட்டை மூடி, புல் வளர்த்து, ஒரு நகரம் தன் பிள்ளைகளுக்கு மலை செய்துகொண்டது. எங்களுக்கு மலையைக் காற்றே செய்து தந்திருக்கிறது.

அடம்பன் கொடியின் வேலை

ஒருநாள் உச்சியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்: 'தம்பி, உதில இறங்காதேங்கோ. அங்கால வெறும் மணல் கிடக்கு, அதில இறங்குங்கோ.' ஊரைச் சேர்ந்த வயதான அம்மா ஒருவர், தலையில் சவுக்கங்கொப்புக் கட்டு. நான் நின்ற பக்கத்தில் அடம்பன் கொடி படர்ந்திருந்தது. 'கொடியை அறுத்தால் மணல் எங்கட வீட்டுக்குள்ள வரும்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்லித் திரிகிறோம். அது உண்மையிலேயே என்ன செய்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. காற்று மணலைத் தூக்கிக்கொண்டு வரும்போது கொடியின் இலையிலும் இராவணன் மீசையின் முள்ளிலும் தட்டி வேகம் குறைகிறது, மணல் விழுகிறது. கொடி அந்த மணலுக்கு மேலாக மறுபடி வளர்கிறது. மீண்டும் மணல், மீண்டும் கொடி. மேடு இப்படித்தான் உயர்கிறது. தண்டு கணுவுக்குக் கணு வேரிறக்கிக் கொள்வதால் முழு மேடும் உள்ளே தைக்கப்பட்ட மாதிரி நிற்கிறது. ஒரே தடத்தில் நூறு பேர் நடந்தால் தையல் பிரியும். பிரிந்த இடத்தில் காற்று நுழைந்து குடையும். சில மாதத்தில் அந்தத் தடம் ஒரு வாய்க்காலாகும், பிறகு மேட்டின் நடுவே ஒரு வாசலாகும். இப்போது போய்ப் பார்ப்பவர்கள் அப்படிப்பட்ட பள்ளங்கள் சிலவற்றைக் காணலாம். வழுக்க வசதியாக இருக்கின்றன என்று பிள்ளைகள் அவற்றில்தான் கூடுகிறார்கள்.

கட்டுப்பாடிழந்த மணல் என்ன செய்யும் என்பதற்கு அந்தோனியார் தேவாலயமே சாட்சி. முருகைக்கல்லில் கட்டிய சுவர்கள், கூரையில்லை, மணல் உள்ளே ஏறிக்கிடக்கிறது. படம் எடுக்க அழகான இடம். அது ஒரு ஊரின் வழிபாட்டிடம், அருகில் கல்லறைகளும் இருக்கின்றன. சுவரில் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களுக்கு இதை யாராவது சொல்லவேண்டும்.

மேடு ஊரைக் காப்பது மணலிலிருந்து மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமங்களைச் சிதைத்தது. உடுத்துறையிலுள்ள நினைவாலயத்துக்குப் போனால் அந்த இழப்பின் அளவு விளங்கும். அந்த நாளில் நாட்டின் மறுகோடியில், யாலவில், அலை வந்த விதத்தைப் பின்னர் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். உயர்ந்த மணல்மேடு நின்ற இடங்களில் அதன் பின்புறம் தப்பியது. கடற்காட்சி தெரியவேண்டும் என்பதற்காக முன்னாலிருந்த மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்த விடுதியொன்று முற்றாக அழிந்தது.

தண்ணீரும் இருக்கிறது. மணற்கரை ஊர்களில் மணலைத் தோண்டிப் பூவல் எடுத்து நன்னீர் அள்ளிய நினைவு மூத்தவர்களுக்கு உண்டு. கடலுக்கு இத்தனை பக்கத்தில் உப்பில்லாத் தண்ணீர் எப்படி? மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அதை மறுபக்கமாகவும் படிக்கவேண்டும்: மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறிவரும். நிலத்தடி நீரை நம்பி வாழும் குடாநாட்டில் மணல்மேடு என்பது ஒரு தண்ணீர்த்தொட்டி.

காலும் டிப்பரும்

இவ்வளவும் சொல்லி சுற்றுலா வருகிறவர்களை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருநூறு பேர் உதைத்துத் தள்ளும் மணல் அங்கேயேதான் கிடக்கும். ஒரு டிப்பர் அள்ளுவது திரும்பி வராது.

குடாநாட்டில் வழுக்கையாறு தவிர ஆறென்று சொல்ல ஒன்றில்லை, அதுவும் மாரியில் மட்டும். ஆற்றுமணல் வன்னியிலிருந்து வரவேண்டும். போர் முடிந்த பிறகு வீடும் மதிலும் கடைத்தொகுதியும் எழும்ப எழும்ப மணலுக்கான தேவை கூடியது. கிட்ட இருக்கிற மணல் எங்கேயோ அங்கே உழவு இயந்திரம் போனது. வடமராட்சி கிழக்கில் சட்டவிரோத மணல் அகழ்வுக்கு எதிராக ஊர்மக்கள் வீதிக்கு இறங்கிய செய்திகளை இந்த வாசகர்கள் பலமுறை படித்திருப்பீர்கள்.

சட்டத்துக்குக் குறைவில்லை. மணல் அகழவும் ஏற்றிச்செல்லவும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனிப்பொருட்கள் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையுள்ள நிலம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்துக்குள் வருகிறது. அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அதில் சொன்ன இடத்தில்தான் அள்ளுகிறார்களா, சொன்ன அளவுதானா என்பதை இரவு பதினொரு மணிக்கு யார் போய்ப் பார்ப்பது? அந்தப் பொடியன் கேட்ட கேள்வி மறுபடியும் வருகிறது.

ஒன்றைச் சொல்லவேண்டும். பகலில் சனம் நிற்கிற இடத்தில் டிப்பர் வருவதில்லை. பலர் வந்து போகும், பலருக்குப் பிடித்த ஓர் இடத்தைக் களவாக அள்ளுவது கஷ்டம். அதனால் 'மணற்காட்டுக்குப் போகாதீர்கள், மேடு பாவம்' என்று எழுத எனக்கு மனமில்லை. போங்கள். எந்தப் பக்கத்தில் ஏறுகிறோம், எந்தப் பக்கத்தில் இறங்குகிறோம் என்று பார்த்துப் போங்கள்.

பெரிய திட்டமும் தேவையில்லை என்பது என் எண்ணம். கொடியில்லாத, ஊர்வீடுகள் பின்னாலில்லாத ஒரேயொரு சரிவைத் தெரிந்து அதை வழுக்க ஒதுக்கலாம். மற்ற மேடுகளுக்குப் பனைமட்டைத் தடியும் கயிறும் போதும். ஏறும் வழி ஒன்று, அதில் பனையோலைப் பாய் விரித்தால் கால் புதையாது, மணலும் குலையாது. வாகனத் தரிப்புக்கு ஊர் இளைஞர்கள் சிறு கட்டணம் வாங்கி, இரண்டு மலசலகூடமும் குப்பைத் தொட்டியும் பராமரிக்கலாம். காரைநகர் கசூரினாவில் வாகனம் விடக் காசு கொடுத்துப் பழகிய சனம்தானே. மாரி நாலு மாதமும் ஏறுவதை நிறுத்திவைத்தால் மழையில் கொடி மீண்டும் படரும். எப்படியும் அந்தக் காலத்தில் வழுக்கமுடியாது, யாருக்கும் நட்டமில்லை.

பெண்கள் அதிகம் சொன்ன குறை மலசலகூடம்தான். மூன்று மணித்தியாலம் நிற்க ஆசைப்பட்டு ஒரு மணித்தியாலத்தில் திரும்பிப்போன குடும்பங்களை எனக்குத் தெரியும். அடுத்த குறை குடிகாரர். பொழுதுபடச் சவுக்குக்குள் போத்தலோடு இருக்கும் கூட்டத்தைக் கண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிறார்கள். உடைந்த போத்தல் மணலுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெறுங்காலோடு ஓடும் இடத்தில் இது விளையாட்டில்லை.

ஊரவர்களுக்கும் ஒரு குறை உண்டு. காலையில் கரைவலை இழுக்கும்போது வந்து ட்ரோன் பறக்கவிடுகிறவர்களைப் பற்றி ஒருவர் கோபமாகவே கதைத்தார். 'நாங்கள் காட்சிச்சாலையே?' என்றார். கேட்டுவிட்டுப் படம் எடுத்தால் அவர்களே கயிற்றில் கைவைக்கக் கூப்பிடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. பத்து நிமிடத்தில் உள்ளங்கை சிவந்துவிட்டது, மீன் தந்துதான் அனுப்பினார்கள்.

கரையோரமாகத் தெற்கே நாகர்கோவில் பக்கம் நடந்து போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2009 தொடக்கம் வரை பல ஆண்டுகள் முன்னரங்க நிலைகள் இருந்த பகுதி அது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை எங்கு கண்டாலும் அதைத் தாண்டவேண்டாம், மணலில் துருப்பிடித்த எதையும் தொடவேண்டாம். மணற்காட்டில் நிற்பதானால் ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை, கமுகமடல் ஒன்று. பஸ்ஸில் வருகிறவர்கள் பருத்தித்துறைக்குத் திரும்பும் கடைசி பஸ் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.